கிராஸ் ஜாயிண்ட் என்ன பாவம் செய்தது?

ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மாற்றிய வண்டியில், சுழலும் ஷாஃப்டின் முனையில் சிலுவை மாதிரி இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் அடிக்கடி போனால், கடைக்காரர் டூப்ளிகேட் சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டுவதுதான் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து வழக்கம். ஒரு தடவை போனால் சாமானைச் சந்தேகப்படலாம், நியாயம்தான். பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் பக்கத்துக் கிராஸ் மட்டும் திரும்பத் திரும்பப் போய், முன்பக்கத்தது கல்லு மாதிரி இருந்தால்?

மச்சானுடைய பழைய ஹைலக்ஸ் அப்படித்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் உர மூட்டை ஏற்றிப் போகிற வண்டி. பழைய பின் ஆக்ஸில் தாங்கவில்லை என்று பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் லேண்ட் க்ரூஸர் ஆக்ஸில் ஒன்றைப் பிடித்து, ஸ்பிரிங் உட்காரும் மேடையை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்து ஏற்றிவிட்டார்கள். ஸ்பிரிங் பட்டையும் புதுசு, வண்டி உயர்ந்து நின்றது, பார்க்க நல்லாத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் கியர் போட்டால் ‘டக்’, மெதுவாக உருட்டினால் ‘கீச் கீச்’.

கழற்றிய கிராஸை உடனே பழைய இரும்பில் வீசிவிடாமல் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிலுவையின் தண்டுகளை மூடும் கப்புக்குள் செங்கல் நிறத்தில் தூள் இருந்தால் கிரீஸ் வற்றி உள்ளே உருளும் பேரிங் ஊசிகள் காய்ந்து ஓடியிருக்கின்றன. தண்டின் மேல் ஊசிகள் படுத்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் தாங்க முடியாத அழுத்தம். மச்சான் வண்டியில் இந்த வரிகள் நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டன, தண்டின் நுனியும் சுரண்டியிருந்தது. அதைப் பார்த்ததும், “சாமானை விடுங்க மச்சான், பினியன் எங்கே பார்க்குதுன்னு பார்ப்போம்” என்றேன். டிஃபரன்ஷியலிலிருந்து மூக்கு மாதிரி முன்னால் நீட்டி, ஷாஃப்டோடு சேரும் பல் தண்டுதான் பினியன்.

இரண்டு முனையிலும் சாதாரண ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து ஷாஃப்டைச் சுற்றும் பெட்டி) அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கிராஸ் சாய்ந்து சுற்றும்போது வேகம் சீராகப் போகாது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். முன் ஜாயிண்ட் உண்டாக்கும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் அதே அளவு எதிர்த்து அடித்துச் சமன் செய்யும், ஆனால் இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான். அதோடு ஷாஃப்டின் இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேரில் நிற்க வேண்டும், ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல் வெட்டிய பகுதியான ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிச் சொருகினாலும் கணக்கு கெட்டுவிடும்.

போனில் உள்ள லெவல் ஆப் போதும். ஆனால் வண்டியை ஜாக்கில் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளக்காதீர்கள், அது பொய் சொல்லும். நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் அச்சு பின்னோக்கி 3 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 10 டிகிரி. அப்போது முன் ஜாயிண்டில் 7. இணையாக இருக்க பினியன் மூக்கு 3 டிகிரி மேலே பார்த்திருக்க வேண்டும், அதுவோ 2 டிகிரி கீழே பார்த்தது, பின் ஜாயிண்டில் 12! 7 டிகிரிக்கு வேக வித்தியாசம் சராசரிக்கு மேலும் கீழும் முக்கால் சதவீதம்தான், 12 டிகிரிக்கு 2 சதவீதத்தைத் தாண்டும். மேடையை வெல்டிங் வைத்தவர் பார்வைக்கு மட்டமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

கோணத்தை அடியோடு இல்லாமல் செய்வதும் சரியல்ல. ஒரு டிகிரியாவது இருந்தால்தான் ஊசிகள் உருண்டு கிரீஸைப் பரப்பும்.

சில பேர் ஸ்பிரிங்குக்கும் மேடைக்கும் நடுவே ஆப்பு வைப்பார்கள். ஓரிரு டிகிரிக்குச் சரி, சுமை வண்டிக்கு இரும்பு ஆப்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கிவிடும். இங்கே வித்தியாசம் 5 டிகிரி, அதனால் மேடையைத் திரும்ப வெட்டி வெல்டிங் வைக்கச் சொன்னேன். பினியனைச் சரியான கோணத்திலிருந்து ஒரு டிகிரி கீழேயே விட்டோம், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கு தானாக மேலே எழும்பும். பிறகு ஸ்பிளைனில் பெயிண்ட் தடவி, மூட்டை ஏற்றி, பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பார்த்தோம். உள்ளே முட்டவும் இல்லை, வெளியே கழன்றுவிடும் அளவுக்கு இழுக்கவும் இல்லை.

ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும், மச்சான் இன்னும் அதைச் செய்யவில்லை, கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்கிறார்.