மூடி போட்ட பாத்திரம்

நேற்று இரவு தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு மூடி போட மறந்துவிட்டேன். ஆவி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதோடு போவது நாம் எரித்த எரிபொருளின் சூடுதானே! மூடியதும் கொஞ்ச நேரத்தில் மூடி தடதடவென்று ஆடத் தொடங்கியது. உடனே தீயைக் குறைத்தேன். கொதி வந்தபின் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை.

வீட்டில் இப்படி வீணாவதில் என்னை அதிகம் உறுத்துவது மீந்துபோகும் சாப்பாடுதான். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குவது அது. அதனால் இப்போது அளவாகச் சமைக்கிறோம். மீந்ததை ஃப்ரிட்ஜில் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் வைக்கிறோம். பின்னால் தள்ளினால் மறந்தே போகும். காய்கறித் தோல் மக்குவதற்குத் தொட்டிக்குப் போகிறது. அதை அவ்வப்போது கிளறிவிட வேண்டும், உள்ளே காற்று போகணும் இல்லையா.

எல்இடி பல்புக்கு மாறியாச்சு, சரி. துணிக்குப் பச்சைத் தண்ணீரே போதும்; வெந்நீரில் துவைத்தால் மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும். அப்புறம் ஏசி. இப்போது 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுகிறோம். தூக்கம் கெடவில்லை.