தேங்கிய நீரே தூணாகும்போது

வெயில் கடுமையாக அடிக்கும் நாளில், தொட்டியிலுள்ள காசித்தும்பைச் செடி பிற்பகலுக்குள் தண்டு வளைந்து, இலைகள் தொங்கித் துவண்டுவிடும். வேரில் நீர் ஊற்றிவிட்டு மாலையில் போய்ப் பார்த்தால் அதே தண்டு நிமிர்ந்து நிற்கும். இடையில் அச்செடிக்குள் புதிதாக ஒரு நாரும் முளைக்கவில்லை; சேர்ந்தது நீர் மட்டுமே. தாங்குவதும் தேக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்று எண்ணியிருந்த என்னை முதலில் யோசிக்க வைத்தது இந்தச் செடிதான்.

முதிர்ந்த தாவர செல்லின் பெரும்பங்கை நீர் நிறைந்த ஒரு பை அடைத்துக்கொண்டிருக்கிறது. சவ்வூடு பரவலால் நுழையும் நீர் அந்தப் பையை உப்பச் செய்ய, செல்லுலோஸ் இழைகளாலான செல்சுவர் அதை எதிர்த்து நிற்க, இரண்டுக்கும் நடுவே பிறக்கும் விறைப்பழுத்தமே மென்தண்டுச் செடிகளை நிமிர்த்தி வைக்கிறது. பல செடிகளில் இது 5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவையும் தாண்டும். கார் டயரில் நாம் அடைப்பதோ ஏறத்தாழ 2 பார்தான். பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இல்லாத சுவர் இதை எப்படித் தாங்குகிறது? கலனின் சுவரில் ஏறும் இழுவிசை, அழுத்தத்தைப் போலவே கலனின் ஆரத்தையும் பொறுத்தது. அறை சிறிதாக இருக்கும்வரை மெல்லிய சுவரே போதும்.

பொறியாளர்கள் இவ்விரு வேலைகளையும் வழக்கமாகப் பிரித்தே வைப்பார்கள். மேல்நிலை நீர்த்தொட்டியில் உள்ளேயுள்ள நீர் தூண்களுக்கு வெறும் சுமை. எடையைக் குறைத்தே ஆகவேண்டிய இடங்களில்தான் இந்தப் பிரிவினை மறைகிறது. பயணிகள் விமானத்தின் இறக்கையே எரிபொருள் தொட்டி. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்க முயல, உள்ளேயுள்ள எரிபொருளின் எடை அதைக் கீழே இழுத்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் பாரத்தைக் குறைக்கிறது. எரிபொருள் நீங்கலாக விமானம் எவ்வளவு எடையோடு பறக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு விதிக்கப்படுவது இதனால்தான்.

காசித்தும்பைக்கு இன்னும் நெருங்கிய உறவு அட்லஸ் ராக்கெட். 1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னைப் பூமியின் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசென்ற அந்த வகை ராக்கெட்டின் தொட்டிகள் மிக மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டாலானவை. உள்ளிருக்கும் அழுத்தமே அவற்றுக்கு எலும்புக்கூடு என்பதால், எரிபொருள் இல்லாதபோதும் வாயுவை அடைத்துத்தான் நிற்க வைக்க வேண்டும். 1963 மே 11 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் ஏவுதளத்தில் அழுத்தம் இறங்கிப்போனதால், ஓர் அட்லஸ் தன் தலைமீதிருந்த அஜீனா என்ற மேலடுக்கு ராக்கெட்டோடு மடிந்து விழுந்தது. வாடிய செடி மாலையில் எழுந்துவிடுகிறது. ராக்கெட்டால் அது முடியாது. செடிக்குள் இருப்பவை எண்ணற்ற சிற்றறைகள், சுவர்களும் முறியாமல் மடங்கக்கூடியவை. ராக்கெட்டில் இருந்தவை இரண்டே பெரிய அறைகள். என்னைப் பொறுத்தவரை, இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுதான்.

இந்தக் கூட்டு வேலைக்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பெருக்கமரத்தில் (பாவோபாப்) தெளிவாகப் பார்க்கலாம். பருத்த அடிமரத்தில் அவ்வளவு நீர் இருந்தும், அன்றாடம் இலைகள் ஆவியாக விடும் நீரை ஈடுகட்ட அது அந்தச் சேமிப்பைத் தாராளமாக எடுப்பதில்லை. மழைக்கு முன்பே புதுத்தளிர் விடுவதற்குத்தான் பெரிதும் பயன்படுத்துகிறது. மரத்திசு மிக மென்மையானது. அதன் விறைப்பில் ஒரு பங்கு நீரிலிருந்தே வருவதால், அளவின்றி எடுத்தால் மரமே தளர்ந்துவிடும். சாகுவாரோ கள்ளிச்செடி வேறு வழியில் போகிறது. உள்ளே வளையமாக நிற்கும் மரவிலாக்கள் தாங்க, வெளிச்சதை நீரைத் தேக்க, தோலின் மடிப்புகள் விரிந்து சுருங்குகின்றன. பொறியாளரின் பிரிவினையை அங்கே ஒரு செடியே செய்துவைத்திருக்கிறது.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், கார்பன் இழையாலான, தானே பாரமும் தாங்கும் பேட்டரியை உருவாக்கிவருகிறார்கள். 2024இல் அறிவித்த வடிவம் கிலோவுக்கு 30 வாட்-மணி மின்சாரம் சேமிக்கிறது. விறைப்பில் அலுமினியத்துக்கு இணையாக நிற்கிறது. மின்னேற்றும்போதும் மின்சாரத்தை எடுக்கும்போதும் லித்தியம் உள்ளே புகுந்து வெளியேற, கார்பன் இழைகள் உப்பிச் சுருங்குபவை. ஆகவே அந்தப் பேட்டரியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும், எவ்வளவு சேமிக்கிறது என்பதைவிட, காலியாக இருக்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன்.