பத்தாவது எழுத்து

அக்டோபர் 22

நான் வாங்க நினைக்கும் பழைய போர்ஷே ஸ்போர்ட்ஸ் காரின் ஆர்சி படம் விற்பவரிடமிருந்து வந்துவிட்டது. சேசிஸ் நம்பர் மேல் அவர் கட்டைவிரல்.

அக்டோபர் 23

கேமன் எஸ், ஆறு கியர் மேனுவல், பெங்களூரில் நிற்கிறது. விற்பவர் சொல்லும் 2009 என்பது பதிவான வருடமா தயாரான வருடமா என்று கேட்டால், "2009தான் சார்" என்று அதையே திரும்பச் சொல்கிறார். எனக்கு வேண்டியது சேசிஸ் நம்பரின் பத்தாவது எழுத்து மட்டும். 8 என்றால் 2008 மாடல், பழைய எஞ்சின்; 9 என்றால் 2009 மாடல், புதியது. பழையதில் நடு ஷாஃப்டுக்கு ஒரு பேரிங் உண்டு, அது உடைந்தால் எஞ்சினே போச்சு. கடைசி வருடங்களில் போர்ஷே அதைப் பெரிதாக்கியது, முந்தையதைவிட நன்றாகத் தாங்குகிறது, ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் அந்த ஷாஃப்டே இல்லை. இவ்வளவு பணம் கொடுக்கப்போகிறவன் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

அக்டோபர் 24

மழை. கரண்ட் இல்லை. பதிலும் இல்லை.

அக்டோபர் 26

நானே கோத்தகிரியிலிருந்து போய்ப் பார்க்கலாம் என்றால், விடிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அங்கே நிற்க வேண்டும், சில கோளாறுகள் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். வழியில் பந்திப்பூர் காட்டு கேட் இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு, அதனால் முந்தின நாளே கிளம்பித் தங்கியாக வேண்டும். அம்மாவை ராத்திரி தனியாக விட முடியாது. சரி, ஆள்தான் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் 27

தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்தே பார்த்துவிடலாம் என்றார் விற்பவர். வேண்டாம் என்றேன். விற்பவருடைய ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அறிக்கை எனக்கு உதவாது.

சாயங்காலம் ஒரு தம்பி கிடைத்தான், இந்த வண்டிகளிலேயே வேலை பார்த்தவன். நான் சொல்வதற்கு முன்பே அவன் சொன்னான்: "ராத்திரி முழுக்க நின்ன வண்டியா இருக்கணும்ணா, எஞ்சின் பச்சைத் தண்ணியா இருக்கணும்." அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சிலிண்டருக்குள் கேமரா விட்டுச் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பான், முதலில் ஆறாவது சிலிண்டரை. வண்டியின் கம்ப்யூட்டரில் ஓவர்ரெவ் கணக்கை, அதாவது எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழன்றது என்பதை எடுப்பான். மேனுவல் வண்டியில் வேகமாகப் போகும்போது யாராவது நாலாவதுக்குப் பதில் இரண்டாவதைப் போட்டிருந்தால் அது அப்படியே பதிவாகியிருக்கும், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியபோது என்பதோடு. பெயின்ட் கனமும் அளப்பான். கம்பெனி பெயின்ட் 100லிருந்து 150 மைக்ரான் வரை இருக்கும், ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால் அது அடிபட்ட கதவு.

அக்டோபர் 28

டயர் படம் அனுப்பினார். 1417. 2017ஆம் வருடம் 14வது வாரம். "டயர் புதுசு மாதிரி" என்று கீழே எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 29

இன்சூரன்ஸ் காப்பி வந்தது. சேசிஸ் நம்பர் வரி மடிப்பில் போய்விட்டது, ஆனால் சிசி தெளிவாக இருக்கிறது: 3387. புதிய எஞ்சின் 3436. அந்த 49 சிசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அம்மா மாத்திரைக்குக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. போன் போட்டுக் கேட்டால் டைப்பிங் தப்பு என்கிறார். டைப்பிங் தப்பு எப்படிச் சரியாகப் பழைய எஞ்சினின் எண்ணிலேயே வந்து நிற்கும்?

அப்புறமும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய எஞ்சின் என்றால் கெட்ட வண்டி என்று அர்த்தமில்லை, நன்றாக ஓடுகிறவை நிறைய இருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை, இதற்கு ஒரு விலை.

அக்டோபர் 30

அண்ணன் போனில் ஒரு மணி நேரம். கோத்தகிரியில் இதை யார் தொடுவார்கள், நம் கேட் சரிவில் முன் பம்பர் இடிக்கும், கர்நாடகா வண்டிக்கு என்ஓசி வாங்கி இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், பழைய லோன் ஆர்சியிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா பார்த்தாயா. எல்லாமே நியாயமான கேள்விகள். லோன் விஷயத்தை நாளைக்குக் கேட்க வேண்டும். மழை விட்டதும் மேட்டுப்பாளையம் ரோட்டில் யாரும் இல்லாத காலை நேரம், மூன்றாவது கியர், முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். இதை அண்ணனிடம் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 1

காலை 7 மணிக்குத் தம்பி போன். சைலன்சரில் கை வைத்துப் பார்த்திருக்கிறான், சூடு. பேஸ்மென்ட்டிலிருந்து மேலே கொண்டுவந்தேன் என்கிறாராம். அதற்கு இவ்வளவு சூடு வராதுண்ணா என்றான். கிளம்பிவிடு என்றேன். வந்து போன கூலியை உடனே அனுப்பினேன், அவன் வேண்டாம் என்றான், நான் விடவில்லை.

நாள் முழுக்கக் கோபம்.

நவம்பர் 2

வேறு பார்ட்டி ரெடியாம், இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் எனக்காக நிறுத்தி வைப்பாராம். ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 3

இரவு 11 மணிக்குச் சேசிஸ் நம்பர் படம், எதுவும் எழுதாமல். பத்தாவது எழுத்து 8.

நவம்பர் 4

வெள்ளி இரவே சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட ஒப்புக்கொண்டார். சனி காலை ஸ்டார்ட். விலையைப் பற்றி இன்னும் பேசவில்லை.