இரணைமடுப் பனியும் நீல அச்சும்: படம் ஓவியம் போல இருக்கத்தான் வேணுமா?

தை மாதப் பனிக்குள், கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் இருந்து ஒரே காட்சி, நாலு அச்சு. தண்ணிக்குள் நிற்கும் பட்ட மரம் ஒன்று, பின்னால் அக்கரைக் காடு, மிச்சமெல்லாம் பனி. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஓவியத்திடம் கற்க வேண்டியது எதை விடுவது என்பதை. தூரிகைத் தடத்தைக் கடன் வாங்கினால் படம் கெட்டுப்போகும்.

கைபேசிச் செயலியில் வாட்டர்கலர் பூச்சுப் போட்ட தாள்தான் முதலில் கழிந்தது. கொப்பு, நீர், பனி எல்லாவற்றிலும் ஒரே அளவுத் தீற்றல். வரைகிறவர் பனிக்கு அகலத் தூரிகையும் கொப்புக்கு மெல்லிய தூரிகையும் எடுப்பார். செயலிக்கு அந்த வித்தியாசம் இல்லை.

வழக்குப் பழையது. 1858இலேயே ஹென்றி பீச் றொபின்சன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர், ஓவியர் காட்சியை அமைப்பது போல, 5 நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். இன்னொரு புகைப்படக்காரர் பீற்றர் ஹென்றி எமர்சன் 1889இல் அதை மறுத்து, முக்கியமான பொருள் கூர்மையாகவும் மற்றவை கொஞ்சம் மென்மையாகவும் இருந்தாலே கண் பார்க்கிறபடி இருக்கும் என்றார். 1932இல் கலிபோர்னியாவின் எஃப்/64 என்ற புகைப்படக் குழுவினர் எல்லாமே கூர்மையாக வேணும் என்று நின்றார்கள். பனிக்காட்சிக்கு எமர்சன் சொன்னதுதான் பொருந்தியது. லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப்/16இல் எடுத்தபோது அக்கரைக் காட்டின் ஒவ்வொரு கிளையும் பட்ட மரத்தோடு போட்டிபோட்டது. துவாரத்தைப் பெரிதாக்கி எஃப்/4இல் மரத்துக்கு ஃபோகஸ் வைத்ததும் காடு ஒரே திரளாக அடங்கியது. இந்த மென்மை லென்ஸ் தந்தது, மேலே பூசியது அல்ல.

அந்த எஃப்/4 படத்தைத்தான் சயனோடைப் முறையில், அதாவது இரும்பு உப்புப் பூசிய தாளை வெயிலில் வைத்துக் கழுவும் முறையில், நீல அச்சாக எடுத்தோம்.

பச்சை நிறப் பெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மி.லீ. தண்ணியில். பொற்றாசியம் பெரிசயனைட் 10 கிராம், வேறு 100 மி.லீ.யில். இரண்டும் தனித்தனிக் கறுப்புப் போத்தலில் இருக்க வேணும். கையுறை போடுங்கள், குசினிச் சாமான் ஒன்றையும் இதற்கு எடுக்காதீர்கள். ஏ5 அளவுத் தாளுக்கு ஒவ்வொன்றிலும் 1 மி.லீ. கலந்தால் போதும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள வாட்டர்கலர் தாளில், மங்கல் வெளிச்சத்தில், ஸ்பொஞ்ச் துண்டால் பூசுங்கள். இரும்புப் பூண் போட்ட தூரிகை வேண்டாம், இரும்பு பட்ட இடமெல்லாம் நீலப் புள்ளி விழும். மாரி ஈரத்தில் தாள் காய நேரமெடுத்து வெள்ளைப் பகுதியும் நீலம் பிடிக்கும். ஃபானுக்குக் கீழே இருட்டில் காயவிட்டு அன்றைக்கே பாவித்துவிடுங்கள்.

படத்தின் கறுப்பு வெள்ளையை மாற்றி ஒளிபுகு தாளில் அச்சடிக்கிற நெகட்டிவ்தான் அதிகம் படுத்தியது. கடையில் லேசர் பிரின்ரரில் எடுத்த ஒரு ஒளிபுகு தாளில் கறுப்புப் போதாது. வெயில் ஊடுருவி, வெள்ளையாக நிற்க வேண்டிய பனி இளநீலமாகியது. இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கறுப்புச் சரிவரும். ஆனால் அரை மில்லிமீற்றர் விலகினாலும் கொப்பு இரட்டையாகத் தெரியும். ஒரு விளிம்பை ரேப் போட்டு ஒட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகு மற்ற விளிம்பை ஒட்டுங்கள்.

பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, உச்சி வெயிலில் கண்ணாடிக்குக் கீழே 8 முதல் 12 நிமிடம். கடிகாரத்தை விட நிறத்தை நம்புங்கள். மஞ்சள்பச்சை நீலமாகி, மரம் நிற்கிற கரும்பகுதி வெண்கலச் சாம்பலாக மாறினால் எடுக்கலாம். நல்ல நீலம் கண்டவுடன் எடுத்த தாள் கழுவும்போது வெளிறிப்போனது.

கழுவுகிற தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும். வன்னியில் பல கிணற்றுத் தண்ணி கடினம்; கேத்தல் அடியில் வெள்ளைப் படையாக ஒட்டுகிற அதே சுண்ணாம்புதான். அதன் காரத்தன்மை இந்த நீலத்தை அரிக்கும். மூன்றாவது தாளைக் கிணற்றுத் தண்ணியில் 20 நிமிடம் ஊறவிட்டதில் காட்டுத் திரள் பாதி கரைந்து, மரம் மட்டும் தனியே நின்றது. நாலாவது தாளுக்குச் சேமித்த மழைத்தண்ணி ஒரு லீற்றரில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. தேசிக்காய்ப் புளியும் உதவும், வடித்து ஊற்றுங்கள். சக்கை ஒட்டிய இடம் திட்டாகும். பிறகு மஞ்சள் போகும்வரை வெறும் மழைத்தண்ணியில் 5 நிமிடம், தண்ணியை மாற்றி மாற்றி.

வினாகிரி நீலத்தைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. முதல் கழுவலில் புளிப்பு இருந்தால் இடைநிறங்கள் அதிகம் தங்கும். பனிக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய சாம்பல்நீலம், கரையைத் தொட்டும் தொடாமலும், இந்தத் தாளில்தான் வந்தது. ஒரு தூரிகைக் கோடு இல்லை. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, இது வரைந்ததா என்று.

தேத்தண்ணியில் நிறம் மாற்றவும் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தோம். பனி பழுப்பாகிச் சேறு போல வந்தது, விட்டாயிற்று.

அடுத்தது பனங்கூடல். சூரியன் கிளம்புகிற நேரம், ஐஎஸ்ஓ 100, எஃப்/16, கால் செக்கன். சட்டர் திறந்திருக்கும்போது கமராவை மேலிருந்து கீழே இழுக்க வேணும். அடிமரங்கள் நேர்கோடு என்பதால் இழுப்புத் தாங்கும். வட்டு ஓலைகள்தான் இப்போதைக்குக் குழம்புகின்றன, ஓலையை ஃபிரேமுக்கு வெளியே விட்டு அடுத்த முறை எடுக்கப்போகிறோம்.