ஸ்கோடா லாரா ஆர்எஸ்: ஷாக் மாற்றுகிறவர்களுக்கு

மதுரையின் நத்தம் மேம்பாலம் 7.3 கிலோமீட்டர். அதன் ஒவ்வொரு இணைப்புப் பட்டையும் ஷாக் அப்சார்பருக்கு இலவசப் பரிசோதனைதான். நல்ல ஷாக் என்றால் பட்டையைத் தாண்டியதும் மூக்கு ஒரு தடவை ஏறி இறங்கி அமர்ந்துவிடும். இரண்டு மூன்று தடவை ஆடி, அடுத்த பட்டை வரும்போதும் ஆட்டம் அடங்காமல் இருந்தால் உள்ளே வால்வு தளர்ந்துவிட்டது, அல்லது ஆயில் போய்விட்டது. பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கிற பழைய சோதனை அம்பாசடருக்குச் சரி. லாரா ஆர்எஸ் மாதிரி விறைப்பான ஸ்பிரிங் உள்ள வண்டியில் செத்துப்போன ஷாக்கும் அந்தச் சோதனையில் பாஸாகிவிடும்.

2011-ல் இங்கே வந்த இந்த 160 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் வண்டிகளில் பலவற்றுக்கு இப்போது ஷாக் மாற்றும் வயது. முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிலும் உள்ளங்கையை ஓட்டும்போது மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் டயர் தரையில் ஒட்டாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஷாக் உடம்பைப் பாருங்கள். ராடு வெளியே வரும் இடத்தில் லேசான ஆயில் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் சீல் நனைந்தால்தான் ராடு வழுக்கும், அந்த ஈரம் கொஞ்சம் வெளியே தெரியத்தான் செய்யும். ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே வரை வழிந்து, அதில் செம்மண் அப்பி, சேறு மாதிரி இருந்தால் அது கசிவு. ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலும் அந்த அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் அவசரத்துக்கு பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது முக்கியம். பெரும்பாலும் சீலிலிருந்து அல்ல, ஷாக் அடியில் போய் இடிக்காமல் ராடில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப்பிலிருந்து. அந்த நுரை ரப்பர் வெயிலிலும் வயதிலும் பொடிந்து உதிர்ந்துவிடும். அதோடு ராடைத் தூசியிலிருந்து மூடும் டஸ்ட் பூட் கிழியும். ராடின் பளபளப்பான குரோம் பூச்சில் மணல் ஒட்டும், பொடிப்பொடியாகக் குழி விழும். அந்தக் குழி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அரம் மாதிரி சீலை ராவும். வெள்ளைக் கோடு போடாத ஸ்பீட் பிரேக்கரில் வண்டி முழு வேகத்தில் விழும்போது தாங்குவதற்கு ஸ்டாப்பும் இல்லை என்றால் பிஸ்டன் நேராக அடியில் போய் இடிக்கும். அதனால் புது ஷாக் வாங்கிவிட்டுப் பழைய பம்ப் ஸ்டாப்பையும் பூட்டையும் திருப்பிப் போடுவது, புதுச் செருப்பைப் பழைய முள்ளோடு போட்டுக்கொள்கிற மாதிரிதான்.

ஷாக்கை அறுத்து, ஆயில் மாற்றி, வெல்டு வைத்துக் கொடுக்கிற வேலையை இந்த வண்டிக்குச் செய்யவே கூடாது. பைக் ஃபோர்க்குக்கு ஆயில் மாற்றுவது வேறு, அது கழற்றுவதற்கென்றே செய்த பொருள். கார் ஷாக்கில் மெல்லிய எஃகுத் தட்டுகளை அடுக்கித்தான் வால்வு செய்திருப்பார்கள், ஆயிலுக்கு மேல் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். வெல்டு சூட்டில் சீல் போகும், கேஸ் திரும்ப வராது. கேஸ் இல்லாத ஆயில் நுரைக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் அது மோர் கடைந்த மாதிரி ஆகிவிடும், எதிர்ப்புச் சக்தி பாதி கூட இருக்காது.

வாங்குவதற்கு முன் ஓர் அளவு எடுத்தாக வேண்டும். இந்த வண்டிக் குடும்பத்தில் முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) கீழ்க்குழாய் 50 மி.மீ., 55 மி.மீ. என்று இரண்டு விட்டத்தில் வருகிறது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் ஸ்ட்ரட் செருகும் துளை எதுவோ அதற்குத்தான் ஸ்ட்ரட் வாங்க முடியும். சக்கரத்தைக் கழற்றி, நக்கிளுக்குச் சற்று மேலே வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஸ்டெப்னி குழியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பினால் எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் என்பதும் உறுதியாகும். பில்ஸ்டைன் வாங்குகிறவர்களுக்கு: பி4 கம்பெனி ஷாக்குக்கு மாற்று, பி6 கம்பெனி ஸ்பிரிங்கோடு போடும் ஒற்றைக் குழாய் வகை, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்று குட்டையாகச் செய்தது. கம்பெனி ஸ்பிரிங்கில் பி8 போடாதீர்கள். தாழ்த்துவதே வேண்டாம் என்பது நம் கருத்து. மதுரையில் எந்தத் தெருவில் எப்போது பள்ளம் தோண்டுவார்கள் என்று மீனாட்சிக்குத்தான் தெரியும்.

ஷாக்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு பிடிக்கும் மேல் மவுண்ட் 2, அதன் பேரிங் 2, பம்ப் ஸ்டாப்பும் பூட்டும் நான்கு சக்கரத்துக்கும், நக்கிள் இறுக்கும் போல்ட் நட் 2 செட், மேல் மவுண்ட் போல்ட் 6, பால் ஜாயிண்ட் (நக்கிளைக் கீழே லோயர் ஆர்மோடு சேர்க்கும் மூட்டு) நட் 6, ராடு நட் 2, பின் ஷாக் போல்ட்டுகள். வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடில் ஆட்டம் இருந்தால் அதுவும். குறித்த விசைக்கு இறுக்கிய பிறகு இத்தனை டிகிரி என்று கோணம் வைத்து முறுக்குகிற போல்ட் நீண்டு கொடுத்துதான் பிடிக்கும். ஒருமுறை நீண்டதைத் திரும்பப் போடக்கூடாது.

எதையும் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். இந்த நான்கு எண்கள் எதற்கு என்பது பின் ஷாக் வேலையில் தெரியும்.

முன்பக்கத்தில் மேல் போல்ட்டுகள் பானெட்டைத் திறந்ததும் தெரியாது. வைப்பர் கையையும் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால்தான் தெரியும். வைப்பர் கை பல்லில் இறுகிப்போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கண்ணாடி போய்விடும், சின்ன புல்லர் வையுங்கள். மூடியைத் தூக்கியதும் உள்ளே வேப்பிலை, புளிய இலை, மக்கிய மண் எல்லாம் கிடக்கும். தண்ணீர் வடியும் ஓட்டையை அப்போதே குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கினால் கேபினுக்குள் இறங்கும்.

சக்கரம் கழற்றியதும் லிங்க் ராடை ஸ்ட்ரட்டிலிருந்து விடுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இரண்டையும் பிராக்கெட்டிலிருந்து எடுங்கள். ஜீனான் விளக்கு இருந்தால் லோயர் ஆர்மில் உயரம் பார்க்கும் சென்சாரின் குச்சி இருக்கும், அதையும் விடுவியுங்கள். பால் ஜாயிண்ட்டின் மூன்று நட்டைக் கழற்றினால் நக்கிள் கீழே இறங்க இடம் கிடைக்கும். சக்கரத்தின் நடுவில் டிரைவ் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் அச்சு போல்ட்டைத் தொடாமலே வேலை முடியும். ஆனால் நக்கிளை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்று வந்துவிடும். அச்சு போல்ட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், தளர்ந்த நிலையில் வண்டியைச் சக்கரத்தில் இறக்கவோ தள்ளவோ விடாதீர்கள். வீல் பேரிங் அந்த நொடியே கெட்டுவிடும்.

இனிமேல்தான் பட்டறைகள் தடுமாறும் இடம். ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி நிற்கிறது, பின்னால் ஒரு பிளவு இருக்கிறது. போல்ட்டை எடுத்தாலும் வராது. பிளவை அகட்ட 5.5 × 8 மி.மீ. அளவில் தட்டையான முனை உள்ள ஒரு சாவி உண்டு. பிளவுக்குள் நுழைத்து 90 டிகிரி திருப்பினால் வாய் திறக்கும். லேத்தில் கொடுத்தாலும் கடைந்து தருவார்கள், எஃகு மட்டும் கெட்டியானதாக இருக்க வேண்டும். இந்தச் சாவி இல்லாதவர்கள் உளியை அடித்து இறக்குவார்கள், சுத்தியால் நக்கிளைத் தட்டுவார்கள். பிளவு அளவுக்கு மீறி விரிந்தால் புது ஸ்ட்ரட் எத்தனை முறுக்கினாலும் நிற்காது. சாவியைத் திருப்பியபடியே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, நக்கிளைக் கையால் கீழே அமுக்கி அமுக்கி ஆட்டினால் இறங்கிவிடும். கடைசியாக மேலே மூன்று போல்ட். ஒருவர் ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் சுருக்காமல் நடு நட்டைத் தொடவே கூடாது. ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. ராடு சுற்றாமல் உள்ளே ஆலன் சாவியால் பிடித்து, வெளியே ரிங் ஸ்பானரால் திருப்ப வேண்டும். ஏர் கன் வேண்டாம். அது ராடைச் சுழற்றும், உள்ளே பிஸ்டன் நட்டும் சீலும் அடி வாங்கும். இடுக்கியால் ராடைப் பிடித்துவிட்டால் அந்த ஒரு கீறலே போதும், புது ஷாக் அடுத்த மழைக்குள் கசியும்.

புது ஷாக் படுத்தே வந்திருக்கும், கேஸ் தவறான அறைக்குள் போயிருக்கும். இரட்டைக் குழாய் வகை என்றால் நிமிர்த்திப் பிடித்து மெதுவாக முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து நாலைந்து தடவை செய்யுங்கள். முதல் தடவை பொசுக்கென்று இறங்கும் இடம் பிறகு கெட்டியாகும். ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டின் படியில் முட்டி நிற்க வேண்டும். மேல் மவுண்ட்டில் உள்ள அம்புக்குறி ஒன்று வண்டி போகும் திசையைப் பார்க்க வேண்டும். ராடு நட் 60 நியூட்டன் மீட்டர், மேல் போல்ட் 15-உம் பிறகு 90 டிகிரியும், நக்கிள் போல்ட் 70-உம் 90 டிகிரியும், லிங்க் ராடு 65, சக்கர போல்ட் 120. ஸ்ட்ரட்டை நக்கிளில் ஏற்ற அடியில் ஜாக்கி வைத்துத் தள்ளுங்கள். ஸ்ட்ரட்டின் நாக்கு பிளவுக்குள் விழுந்து, அடிவரை போய் உட்கார்ந்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும்.

பின்பக்கம் சுலபம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஜாக்கியை ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சக்கர வளைவின் பிளாஸ்டிக்கை விலக்கினால் மேலே இரண்டு போல்ட், கீழே ஒன்று. மேலே 50 நியூட்டன் மீட்டரும் 45 டிகிரியும், கீழே 180 நியூட்டன் மீட்டர்.

அந்த 180-ஐ ஆர்ம் தொங்கும்போது முறுக்கினால் வேலை பாழ். கீழ் புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது, அது சுழலாது, முறுகும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியபடியே நிற்கும். வண்டி ஒரு விரல் உயரமாகத் தெரியும், சில மாதத்தில் புஷ் கிழிந்து லொடலொட என்று சத்தம் வரும். புது ஷாக்கே மோசம் என்று பழி அதன்மேல் விழும். ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, முதலில் எழுதி வைத்த அளவுக்குக் கொண்டுவந்து அங்கே முறுக்குங்கள். கழற்றிய வேறு ரப்பர் புஷ் எதற்கும் இதே விதிதான்.

அலைன்மெண்ட்டை அன்றே செய்யாமல் ரிங் ரோட்டில் நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு செய்யலாம். பின்சக்கர டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டியில் அதைச் சரிசெய்ய முடியும், பல கடைகள் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

கழற்றிய ஷாக்குகளைப் பழைய இரும்புக்குப் போடும்போது ‘கேஸ் இருக்கு, கட்டர் வைக்காதீங்க’ என்று உடம்பிலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். ஒற்றைக் குழாய் வகையில் கசிந்து செத்த பிறகும் உள்ளே அழுத்தம் நிற்கும்.