அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள்

மனச்சோர்வுள்ள பிள்ளையைச் சிகிச்சை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் பெற்றோர், கதவு திறந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "என்ன சொன்னான்?" அந்தக் கேள்வியில் கவலை இருக்கிறது, பயம் இருக்கிறது, கொஞ்சம் அவமானமும் இருக்கிறது. வீட்டில் வாய் திறக்காத பிள்ளை, யாரோ ஒருவரிடம் வந்து பேசுகிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் சிகிச்சை அறையில் கழிவது ஒரு மணி நேரம். பிள்ளை திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே மனிதர்களிடம். அதனால்தான் மனச்சோர்வுள்ள பிள்ளைக்கான சிகிச்சையில் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று சிகிச்சையாளர்களான நாம் சொல்கிறோம். சேர்ப்பது என்றால் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். யாரை, எப்போது, யாருக்கு அப்புறம் உள்ளே அழைப்பது என்ற வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் சந்திப்பில் பெற்றோரும் பிள்ளையும் இரண்டு வேறு பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும். பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வு சோகமாகத் தெரியும்; பிள்ளைகளிடம் அது எரிச்சலாக வெளிப்படுவது சகஜம். நோயைக் கண்டறியும் விதிகளே, சிறுவர்களுக்குச் சோகம் இல்லாவிட்டாலும் எரிச்சல் போதும் என்று ஏற்றுக்கொள்கின்றன. 2 வாரமாவது நாளின் பெரும்பகுதி அப்படியே இருப்பது, முன்பு பிடித்திருந்தது எதுவும் பிடிக்காமல் போவது, காரணம் தெரியாத வயிற்றுவலி, தலைவலி, வளரும் வயதில் ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்பது. வீட்டில் இதற்கெல்லாம் வைத்திருக்கும் பெயர் திமிர், சோம்பேறித்தனம், போன் பைத்தியம்.

யார் சொல்வதை நம்புவது? 1987-இல் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் சகாக்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அம்மா, அப்பா போல ஒரே இடத்திலிருந்து பிள்ளையைப் பார்க்கும் இருவர் சொல்வதற்கிடையே ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) சராசரியாக 0.60 இருந்தது. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் இடையே வெறும் 0.22. யாரும் பொய் சொல்லவில்லை. தூக்கம், சண்டை, பள்ளிக்குப் போகாதது எல்லாம் பெற்றோர் கண்ணில் படும். "நான் எதுக்கும் லாயக்கில்லை", "செத்துப்போயிட்டா பரவாயில்லை" என்ற நினைப்பு பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பெற்றோர் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொன்னதற்காகப் பிள்ளை சொன்ன சாவு நினைப்பை அடித்துவிடக் கூடாது.

நேரத்தைப் பிரிக்கும் முறை ஏறக்குறைய இப்படி: முதல் பத்து பதினைந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து, அடுத்த அரை மணி பிள்ளை தனியாக, கடைசிப் பதினைந்து நிமிடம் பெற்றோர் தனியாக. சேர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கவனிக்க வேண்டியது பிள்ளையின் கண்ணை. கேள்வி பிள்ளையிடம் போகும். பதிலுக்கு முன்னால் பார்வை அம்மாவின் முகத்துக்குப் போய்த் திரும்பும். அம்மாவின் முகத்தில் என்ன பார்த்ததோ, அதைப் பொறுத்து "தெரியல" என்று வரும். இந்தத் "தெரியல" பெரும்பாலும் அறியாமை இல்லை, பாதுகாப்பு. ரகசியம் பற்றிய விதியையும் இப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும்: நீ சொல்வது இங்கேயே இருக்கும், உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், யாராவது உன்னைத் துன்புறுத்தினால், அப்போது மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். பின்னால் தனியாகச் சொன்னால் பெற்றோர் அதை ஒதுக்கிவைப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

உளவியலாளர் கை டயமண்டும் உடன் பணிசெய்தவர்களும் வளரிளம் பருவத்தினருக்காக உருவாக்கிய பற்றுறவு (பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடையிலான நம்பிக்கைப் பிணைப்பு) சார்ந்த குடும்பச் சிகிச்சை, இந்த வரிசையை ஐந்து பணிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நடப்பது 12 முதல் 16 வாரம். முதல் பணி முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: "இவ்வளவு கஷ்டமா இருக்கும்போது, நீ ஏன் அம்மா அப்பாகிட்ட போகலை?" கேட்கும் குரலில் குற்றச்சாட்டு துளிகூட இருக்கக் கூடாது. வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் போல இருக்கும். "சொன்னா அட்வைஸ் ஆரம்பிச்சிடும்." "அம்மா அழுவாங்க." "அப்பாவுக்கு ஏற்கெனவே ஆயிரம் டென்ஷன்." அந்தப் பதில் வந்த நிமிடத்திலிருந்து சிகிச்சையின் இலக்கு மாறுகிறது. இதுவரை பிள்ளையைச் சரிசெய்ய வந்திருந்தார்கள். இனிமேல், பிள்ளை ஓடிவந்து சொல்லக்கூடிய ஆளாக அந்த வீட்டில் ஒருவராவது ஆக வேண்டும். மனச்சோர்வுக்கு யார் காரணம் என்ற விசாரணையை இங்கே நிறுத்திவிடலாம். அது முடியவே முடியாது. முடிந்தாலும் யாருக்கும் அதனால் தூக்கம் வரப்போவதில்லை.

இரண்டாவது பணி பிள்ளையோடு தனியாக, மூன்றாவது பெற்றோரோடு தனியாக. இந்த மூன்றாவதைத்தான் நேரமில்லை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். குறைந்தது இரண்டு அமர்வாவது பெற்றோருக்கென்று வேண்டும். அவர்கள் பிள்ளையாக இருந்தபோது கஷ்டம் வந்தால் யாரிடம் போனார்கள் என்று கேட்டால், "யாருமில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். தனக்குக் கிடைக்காத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் நமக்கும் உறைக்கும். இங்கே சிகிச்சையாளர் தவறும் இடம் ஒன்று உண்டு: பிள்ளை சொன்னதைக் கேட்டு மனம் இளகி, பிள்ளையின் வக்கீலாகிப் பெற்றோரிடம் பேசிவிடுவது. மறுவாரம் அந்தக் குடும்பம் வராது.

பெற்றோரில் ஒருவருக்கே மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் இந்த அமர்வில் நேராகக் கேட்டுவிட வேண்டும். 2006-இல் மிர்னா வைஸ்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மார்கள் மூன்று மாதத்தில் குணமான வீடுகளில் பிள்ளைகளின் மனநோய் விகிதம் 11 சதவீதம் குறைந்தது. தாய் குணமாகாத வீடுகளில் 8 சதவீதம் கூடியது. அந்த ஆய்வு பிள்ளைகளுக்கென்று தனியாகச் சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. சோர்ந்துபோன அம்மாவிடம் "பிள்ளையோடு கூடுதலா நேரம் செலவழிங்க" என்று சொல்வது அவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதுதான். அவருக்கும் ஒரு சிகிச்சையாளரைக் காட்டிவிடுங்கள்.

நான்காவது பணியில்தான் இருவரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். பிள்ளை ஒரு பழைய காயத்தைச் சொல்லும். எல்லோர் முன்னாலும் அடித்தது, ஒப்பிட்டுப் பேசியது, சொன்னதை நம்பாதது. பெற்றோர் மனதார வருந்துவார்கள், வாய் திறப்பார்கள்: "நான் அடிச்சது தப்புதாம்மா, ஆனா நீயும் அன்னைக்கு..." அந்த "ஆனா" விழுந்ததும் பிள்ளையின் தோள் இறங்கும், பார்வை தரைக்குப் போகும். மன்னிப்பு விளக்கமாகிவிட்டது. உடனே கை உயர்த்தி நிறுத்த வேண்டும்: "அதுக்கு முன்னாடி சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க." இரண்டாவது தடவை "ஆனா" இல்லாமல் வரும்போது அறையில் ஏற்படும் மாற்றம் கண்கூடு. இதையெல்லாம் பெற்றோர் அமர்வில் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். கேட்டதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்வது, அந்த உணர்வுக்குப் பெயர் வைப்பது, "இன்னும் இருக்கா?" என்று கேட்பது, இவ்வளவுதான். தீர்வு சொல்லக் கூடாது, அன்றைக்கு மட்டுமாவது. "ஏன் அப்பவே சொல்லலை?" என்பதும் வேண்டாம், "ஏன்" என்று தொடங்கும் எதுவும் சோர்ந்த பிள்ளையின் காதில் விசாரணையாகத்தான் விழும். பிள்ளை மௌனமானால் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பாதி எண்ணுவதற்குள் பேசிவிடுவது பெரும்பாலும் நாம்தான்.

சேர்த்து உட்கார வைக்கவே கூடாத வீடுகளும் உண்டு. வீட்டில் அடி உதை தொடர்ந்துகொண்டிருக்கும்போது, பாலியல் துன்புறுத்தல் சந்தேகம் இருக்கும்போது, அறையில் சொன்னதை இரவில் ஆயுதமாக்கும் பெற்றோர் இருக்கும்போது. அங்கே முதல் வேலை பிள்ளையின் பாதுகாப்பு, சட்டம் சொல்லும் புகார். குடும்பச் சிகிச்சை அதற்கு அப்புறம்தான், வேண்டுமா என்ற கேள்வியோடு.

சின்னப் பிள்ளைகளுக்கு முறை வேறு. ஜோன் லூபி குழுவினர் 3 முதல் 6 வயது வரையான மனச்சோர்வுப் பிள்ளைகளுக்குச் செய்த சிகிச்சை 18 வாரம் நடந்தது. 2018-இல் வந்த அதன் முடிவுகளில் 229 பிள்ளைகள் இருந்தார்கள். அதில் சிகிச்சையாளர் பிள்ளையோடு நேரடியாக வேலை செய்வதே இல்லை எனலாம். பெற்றோர் காதில் சின்னக் கருவி இருக்கும், சிகிச்சையாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து மெல்லச் சொல்லித்தருவார். வீட்டில் தினமும் 5 நிமிட விளையாட்டு: பிள்ளை தலைமை, பெற்றோர் பின்தொடர்வது. கேள்வி கேட்கக் கூடாது, கட்டளை கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை செய்வதை வர்ணிக்கலாம், சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், பாராட்டலாம். "வெரி குட்" போதாது. "கோபுரம் விழுந்தும் திரும்ப அடுக்கினே பாரு" என்று எதைப் பாராட்டுகிறோம் எனத் தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்த பெற்றோருக்குத்தான் தெரியும். அழுகை வரும்போது அதை நிறுத்தாமல், பெயர் வைத்துக் கூடவே இருப்பது கடைசிப் பாடம். 7 முதல் 12 வயதுக்காரர்களுக்கு லாரா டயட்ஸ் வகுத்த குடும்பம் சார்ந்த முறையில், ஒவ்வொரு வாரமும் பிள்ளையோடு தனியாகப் பேசிய பிறகு பெற்றோரும் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வீட்டில் நடப்பதை அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. பெற்றோரிடம், பிள்ளை எப்படிப்பட்டவன், நீங்கள் இருவரும் எப்படிப் பழகுகிறீர்கள் என்று 5 நிமிடம் குறுக்கிடாமல் பேசச் சொல்வது. ஆராய்ச்சியில் அதைப் பதிவுசெய்து மதிப்பெண் போடுவார்கள். நாம் காது கொடுத்துக் கேட்டாலே போதும். குறைகள் எத்தனை, எந்த நேரத்தைப் பற்றியவை? பெரும்பாலும் காலையில் எழுப்பும் நேரமும் படிக்க உட்காரும் நேரமும்தான். "குறை சொல்லாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் மாறாது. காலை எழுப்பும் அந்த இருபது நிமிடத்தை மட்டும் இந்த வாரம் மாற்றலாம், யார் எழுப்புவது, என்ன வார்த்தை சொல்வது என்று எழுதிக் கொடுத்தால் மாறும்.

எதிர்பார்ப்பை எவ்வளவு குறைப்பது என்பதில் வீடுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்ததும் பள்ளி, வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்றில் "மனசு வெச்சா முடியும்" என்று எதையும் குறைப்பதில்லை. லாரா மஃப்சன் வளரிளம் பருவத்தினருக்கு வகுத்த 12 வாரச் சிகிச்சை முறை சொல்வது நடுவழி: காய்ச்சலில் இருப்பவரைப் போல நினையுங்கள். தினசரி வேலைகள் தொடரட்டும், முன்பு போலவே செய்ய வேண்டும் என்ற கண்டிப்பை மட்டும் விடுங்கள். முழுநாள் பள்ளி முடியாவிட்டால் இரண்டு பீரியட். விடுப்பு நீள நீளத் திரும்பிப் போவது கடினமாகும். பத்து நிமிடம் நடக்கச் சொன்னால், விருப்பம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நடந்த பிறகுதான் விருப்பம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நடப்பதற்கு முன் மனநிலைக்கு பத்துக்கு எத்தனை, பின் எத்தனை என்று பிள்ளையே எழுதட்டும். 3 என்பது 4 ஆவது பெற்றோருக்குச் சின்னதாகத் தெரியலாம், பிள்ளைக்கு அது பெரிது.

சாவு பற்றி நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற பயத்தைப் பெற்றோரிடமிருந்து முதல் வாரமே எடுத்துவிட வேண்டும். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும், சாவி பெரியவரிடம். பிள்ளையின் மருந்தையும் அன்றைக்கு உரியதை மட்டும் பெரியவரே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்து பயன் காட்ட 4 முதல் 6 வாரம் ஆகலாம். இத்தகைய மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் கடும் எச்சரிக்கை போட வைத்தது. அதனால் ஆரம்ப வாரங்களில் திடீர் பதற்றம், தூக்கமின்மை, நிலைகொள்ளாமை தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்றோ, சிரித்துப் பேசத் தொடங்கியதும் "சரியாயிடுச்சு" என்றோ தாங்களே நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதே வழக்கம்.

கடைசி இரண்டு அமர்வுகள் ஒரு பக்கக் காகிதத்துக்காக. திரும்ப வருவதற்கான முதல் மூன்று அறிகுறிகள், அதை வீட்டில் யார் முதலில் கவனிப்பார்கள், எந்த வார்த்தையில் கேட்டால் பிள்ளைக்குப் பிடிக்கும், ஒரு வாரம் நீடித்தால் யாரை அழைப்பது. எழுதுவது பிள்ளை. "எந்த வார்த்தையில்" என்ற வரிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பெற்றோர் மூன்று நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பார்கள், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுக்கும், கடைசியில் ஒன்றுக்கு "இது ஓகே" என்று சொல்லும். அந்த வாக்கியத்தைப் பிள்ளை சொன்னபடியே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுத விட வேண்டும்.