பழைய மஹிந்திரா தார் ஜீப் வாங்குவோர் கவனத்திற்கு
மன்னார்குடிப் பக்கம் பழைய தார் தேடும் நண்பர்கள், நிறத்தையும் விலையையும் பேசுவதற்கு முன் எஞ்சினையும் கியரையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். 2023-இல் வந்த 1.5 லிட்டர் டீசலுக்குப் பின்சக்கர இயக்கம் மட்டுமே உண்டு என்பதால், ஐப்பசி மழையில் ஊறிய வெண்ணாற்றங்கரைக் களிமண் டயர் பள்ளங்களை அடைத்துவிட்டால் அது தடுமாறும். 2020-இல் வந்த 2.2 லிட்டர் டீசலின் நான்கு சக்கர இயக்க வண்டியோ, 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எஞ்சினின் குறைந்த சுற்றிலேயே தருவதால், லோ கியரில் ஊர்ந்தே சேற்றைக் கடந்துவிடும்; நம் மண்ணுக்கு அதுவே ஏற்றது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் தேயும் கவலை இல்லை. மேனுவல் என்றால், நான்காம் கியரில் மெதுவாகச் சென்று ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.